புதுப்பிப்பு: உறுமிக்கொண்டு நின்ற கிரைண்டர் சரியாகிவிட்டது

போன வாரம் எங்கள் டேபிள் டாப் கிரைண்டரைப் பற்றிக் கேட்டிருந்தேன். சுவிட்சைப் போட்டால் உறுமும், பாத்திரம் சுற்றாது. கையால் ஒரு தள்ளு தள்ளினால்தான் கிளம்பும். அம்மா 17 வருடமாக மாவாட்டுவது, தூக்கிப் போட மனம் வரவில்லை. பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

மோட்டார் சுற்றத் தொடங்க உதவும் கெபாசிட்டரைப் பார்க்கச் சொன்னவர் சொன்னதே சரி. பிளக்கைப் பிடுங்கிவிட்டு அடித்தகட்டைக் கழற்றினேன். தேங்கிய மின்சாரம் இறங்குவதற்காக, கெபாசிட்டரின் இரு முனைகளிலும் பழைய 60 வாட் குண்டு பல்பின் ஒயர்களைத் தொட வைத்தேன். இதை மட்டும் யாரும் தவிர்க்காதீர்கள். மேலே அதன் கொள்ளளவு 8 மைக்ரோஃபாரட் என்று அச்சிட்டிருந்தது, மல்டிமீட்டரில் 2.9தான் வந்தது. அதே 8, அதே 440 வோல்ட் பார்த்துப் புதிது வாங்கிப் போட்டேன். தள்ளாமலே சுற்றியது.

ஆனால் அரிசியைப் போட்டதும் கீச்சென்று கத்தித் திணறியது. இதை நான் எதிர்பார்க்கவில்லை. பெல்ட்டின் உள்பக்கம் கண்ணாடி போல வழவழத்திருந்தது, பெல்ட் ஓடும் சக்கரமான புல்லியின் பள்ளத்தில் மாவு காய்ந்து சுண்ணாம்பாக இறுகியிருந்தது. பல்துலக்கும் பிரஷால் சுரண்டி எடுத்தேன். பழைய பெல்ட்டின் எண்ணைக் காட்டிப் புதிது வாங்கி, விரலால் அழுத்தினால் லேசாக அமுங்கும் அளவுக்கு மோட்டாரை நகர்த்தி முறுக்கினேன்.

நேற்று நாலு டம்ளர் அரிசி, ஒரு டம்ளர் உளுந்து ஆட்டினோம். நடுவில் ஒருமுறைகூட நிற்கவில்லை. கடையில் மோட்டாரின் கம்பிச்சுருள், அதாவது காயில், எரிந்துவிட்டது என்றார்கள். காயிலுக்கு ஒன்றுமே ஆகவில்லை.