அப்பா தமிழில் சொன்ன ஓநாய் மனிதன் ரேடியோ கதை: இது எது என்று யாருக்காவது தெரியுமா?

சைதை_அடையாறு_கரை எழுதியது:

ரொம்ப நாளாகத் தேடுகிறேன், கிடைக்கவில்லை. 1988 வாக்கில் சித்தப்பா அமெரிக்காவிலிருந்து வந்தபோது அப்பாவுக்கு ஒரு கேசட் கொண்டுவந்தார். பழைய ஆங்கில ரேடியோ நாடகம், அரை மணி நேரம். கரண்ட் போனால் அதுதான் எங்களுக்குப் பொழுதுபோக்கு. டூ-இன்-ஒன்னில் ஆறு பேட்டரி கட்டை போட்டு, ஹாலில் பாய் விரித்து நாங்கள் மூன்று பேரும் உட்கார்ந்திருப்போம். எங்களுக்கு அந்த இங்கிலீஷ் ஒரு வரி புரியாது. அப்பா நாலு வரி ஓடவிடுவார், டக் என்று பாஸ் பட்டனை அமுக்குவார், தமிழில் சொல்லுவார், மறுபடி டக். இன்றைக்கும் அந்த டக் சத்தம் கேட்டால் எனக்கு முதுகு சில்லிடும்.

கதை இவ்வளவுதான் நினைவில் இருக்கிறது. ரெண்டே தெரு உள்ள ஒரு சின்ன ஊர். புதிதாகக் குடிவரும் புருஷன் பெண்டாட்டி. வீட்டில் திறக்க முடியாத ஒரு அலமாரி, ராத்திரியில் ஓர் ஊளை, அலமாரிக் கதவுக்கு அடியில் ரத்தம் கசியும். கடைசியில் புருஷன்தான் ஓநாயாக மாறுகிறவன் என்று தெரியும். ஆரம்பத்தில் ஏதோ விளம்பரம் வரும், அதை மட்டும் அப்பா "சாராயக் கடைக்காரன் பேசறான்" என்று சொல்லி ஓட்டிவிடுவார்.

இன்னொன்று, பேட்டரி தீரத் தீர டேப் மெதுவாகி எல்லார் குரலும் இழுக்கும். அந்த ஊளையும் சேர்ந்து இழுக்கும் பாருங்கள், அதற்கு ஈடாக நான் இதுவரை எந்தப் படத்திலும் எதையும் கேட்டதில்லை.

கேசட் 2015 டிசம்பர் வெள்ளத்தில் போய்விட்டது. வீட்டில் கழுத்தளவு தண்ணீர். அப்பாவும் இப்போது இல்லை. பெயர் தெரிந்தால் போதும், எப்படியாவது தேடிப் பிடித்துவிடுவேன்.

---

பழைய_அலைவரிசை எழுதியது:

அலமாரியும் அடியில் கசியும் ரத்தமும் என்றால் எனக்குத் தெரிந்து ஒன்றுதான். அமெரிக்க சிபிஎஸ் ரேடியோவில் 'சஸ்பென்ஸ்' என்று ஒரு தொடர், 1942இலிருந்து 1962 வரை இருபது வருஷம் ஓடியது. அதில் 1946 டிசம்பர் 5 அன்று ஒலிபரப்பான 'தி ஹவுஸ் இன் சைப்ரஸ் கேன்யன்'. சினிமா நடிகர் ராபர்ட் டெய்லர் புருஷனாகவும், கேத்தி லூயிஸ் மனைவியாகவும் நடித்தது. உங்கள் அப்பா சொன்ன சாராயக் கடைக்காரரும் பொருந்துகிறார், அந்தச் சமயத்தில் இந்தத் தொடருக்கு விளம்பரதாரர் ரோமா என்கிற ஒயின் கம்பெனி.

ஆனால் ரெண்டு விஷயம் இடிக்கிறது. முதலாவது, இது ரெண்டு தெரு ஊர் இல்லை. லாஸ் ஏஞ்சல்ஸ் பக்கத்தில் மலைச்சரிவில் இருக்கும் வீடு. போர் முடிந்து ஊரெல்லாம் வீட்டுக்குப் பஞ்சம், வாடகைக்கு ஒன்று கிடைத்ததே என்ற சந்தோஷத்தில் குடிவருகிறார்கள். (சென்னையில் மூணு மாசமாக வீடு தேடுகிறவனிடம் இதைச் சொன்னால், அலமாரியில் ரத்தம் கசிந்தால் என்ன, அட்வான்ஸ் எவ்வளவு என்றுதான் கேட்பான்.) ரெண்டாவது, இதில் மாறுகிறவள் மனைவி. புருஷன் இல்லை.

கதை இன்னொரு கதைக்குள் வைத்துச் சொல்லப்படுகிறது. கட்டி முடிக்காத ஒரு வீட்டில் ஒரு கையெழுத்துப் பிரதி கிடைக்கிறது, வீட்டு புரோக்கர் அதை எடுத்துக்கொண்டு ஒரு துப்பறிவாளரிடம் போகிறார். அவர்கள் படிக்கப் படிக்கத்தான் நாம் கேட்கிறோம். முடிவை இங்கே சொல்ல மாட்டேன், கேட்காதவர்கள் இருப்பார்கள்.

---

சைதை_அடையாறு_கரை எழுதியது:

ஐயோ, புரோக்கர்! "தரகர் கையில ஒரு நோட்டு கிடைச்சுதாம்" என்று அப்பா ஆரம்பிப்பார். அதேதான். ஆனால் மாறுகிறவன் புருஷன் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அப்பா எழுந்து நின்று பல்லைக் காட்டி நடித்தே காண்பிப்பார். ஒருவேளை ரெண்டு கதைகள் ஒரே கேசட்டில் இருந்ததோ?

---

வால்வு_சூடாகட்டும் எழுதியது:

அரை மணி கேசட் என்றால் ரெண்டு கதைக்கு இடம் இருந்திருக்காது. நான் பழைய ரேடியோ ரிப்பேர் பார்க்கிறவன், கதை விஷயம் மற்றவர்கள் சொல்லட்டும், எனக்குத் தெரிந்த சத்த விஷயத்தைச் சொல்கிறேன்.

அந்தக் காலத்தில் இந்த நாடகங்களை மைக் முன்னால் நின்று நேரடியாகவே நடித்தார்கள். நமக்கு மிஞ்சியிருப்பது அதைப் பதிவு செய்த தட்டுகள். 16 அங்குலத் தட்டு, நிமிடத்துக்கு 33⅓ சுற்று வேகம், ஒரு பக்கத்துக்குச் சுமார் 15 நிமிடம். அதனால் அரை மணி நாடகத்துக்கு ரெண்டு பக்கம் வேண்டும். நடுவில் திடீரென்று இரைச்சலின் தன்மை மாறுவதுபோல் கேட்டால் அங்கேதான் பக்கம் மாறுகிறது. ராணுவத்தினருக்கு அனுப்பிய தட்டுகளில் விளம்பரத்தை வெட்டிவிடுவார்கள். உங்கள் கேசட்டில் ஒயின் விளம்பரம் இருந்தது என்றால் அது ராணுவப் பிரதியிலிருந்து எடுத்தது இல்லை. சித்தப்பா நல்ல பிரதியாகத்தான் வாங்கி வந்திருக்கிறார்.

அப்புறம் இந்தத் திகில் சத்தமெல்லாம் பெரும்பாலும் சமையலறைச் சமாச்சாரம். 1934இல் சிகாகோவில் 'லைட்ஸ் அவுட்' என்று நடுராத்திரி நாடகம் ஒன்று தொடங்கியது. எலும்பு முறியும் சத்தத்துக்கு நிஜ விலா எலும்பை முறுக்கி உடைத்தார்கள், தலையை வெட்டும் சத்தத்துக்கு முட்டைக்கோஸை வெட்டினார்கள். வீட்டில் முழுக் கோஸை ரெண்டாகப் பிளக்கும்போது கண்ணை மூடிக்கொண்டு கேட்டுப் பாருங்கள். அன்றைக்குப் பொரியல் இறங்காது.

பேட்டரி தீர்ந்தால் ஊளை இழுக்கும் என்றீர்களே, காரணம் எளிது. மோட்டார் வேகம் குறைந்தால் சுருதியும் இறங்கும். வேகம் பாதியானால் ஒரு முழு ஸ்தாயி கீழே போகும். பெண் குரல் ஆண் குரலாகக் கேட்கும். உங்கள் 'புருஷன்' அங்கிருந்து வந்தவரோ என்னவோ!

---

ஒடியன்_பார்த்தவன் எழுதியது:

இதை ஓநாய் மனிதன் கதை என்று சொல்வதிலேயே எனக்குக் கொஞ்சம் தயக்கம். இந்த நாடகத்தில் வெள்ளிக் குண்டு கிடையாது, பௌர்ணமி கிடையாது. அதையெல்லாம் ஊரெங்கும் பரப்பியது 1940களின் ஹாலிவுட் படங்கள்தான். நிலா வெளிச்சத்தில் மனிதன் ஓநாயாவது என்னவோ ரொம்பப் பழசு. முதல் நூற்றாண்டில் ரோமானிய எழுத்தாளர் பெட்ரோனியஸ் ஒரு கதை எழுதியிருக்கிறார்: ஒரு சிப்பாய் சுடுகாட்டுப் பக்கம் துணியைக் கழற்றி வைத்துவிட்டு ஓநாயாகி ஓடுகிறான். ஆட்டு மந்தையில் புகுந்த ஓநாயின் கழுத்தில் ஒருவன் ஈட்டியால் குத்துகிறான். விடிந்து பார்த்தால் சிப்பாய் கழுத்துக் காயத்துக்கு வைத்தியம் பார்த்துக்கொண்டு படுத்திருக்கிறான். வெள்ளிக் குண்டை விட இது எவ்வளவோ மேல்.

எங்கள் அம்மா ஊர் பாலக்காடு. அங்கே ஒடியன். ராத்திரியில் எருமையாகவோ காளையாகவோ வருவான், ஆனால் உருவம் முழுசாக அமையாது, ஏதாவது ஓர் உறுப்பு குறைந்திருக்கும். அதனால் இருட்டில் மாடு வந்தால் காலை எண்ணு என்பாள் பாட்டி. நான் இன்றைக்கும் எண்ணுகிறேன், வேளச்சேரி ரோட்டில்.

'சைதை' சொல்லும் சின்ன ஊர் எனக்குப் புரிகிறது. நம் ஆட்களுக்கு லாஸ் ஏஞ்சல்ஸ் மலைச்சரிவு என்றால் ஒன்றும் தோன்றாது. ரெண்டு தெரு, ஒரு கோயில், எல்லாருக்கும் எல்லாரையும் தெரியும், அதில் ஒருத்தன் மட்டும் ராத்திரி வேறு ஆள் என்றால்தான் வயிறு கலங்கும். உங்கள் அப்பா மொழியை மட்டும் மாற்றவில்லை, ஊரையே பெயர்த்துக் கொண்டுவந்து வைத்திருக்கிறார்.

---

சைதை_அடையாறு_கரை எழுதியது:

கேட்டுவிட்டேன். ஆர்க்கைவ் தளத்தில் இலவசமாகவே இருக்கிறது. நேற்று ராத்திரி பதினொரு மணிக்கு, லைட்டை அணைத்துவிட்டு, அம்மாவையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு கேட்டேன்.

அதேதான். அந்த ஊளை வந்தபோது என் கையில் மயிர் நின்றது, டேப் இழுக்காமலே. அந்தச் சத்தத்தை அப்பா எங்களுக்கு "கிண்டிக் காட்டு நரி இல்லடா இது, அதுக்கும் பெரியப்பன்" என்று அறிமுகப்படுத்துவார். கிண்டியில் அப்போது ராத்திரி நரி ஊளையிடுவது எங்கள் மொட்டை மாடிக்குக் கேட்கும், அதனால் எங்களுக்கு அளவு தெரியும்.

ஊர் இல்லை, கோயில் இல்லை. மாறுகிறவள் மனைவிதான். 'வால்வு' சொன்ன பேட்டரிக் காரணம் அழகாக இருந்தாலும், அது இல்லை. வசனத்திலேயே தெளிவாக இருக்கிறது, அப்பாவுக்குப் புரியாமல் இருந்திருக்காது, ரயில்வே ஆபீசில் முப்பது வருஷம் இங்கிலீஷில் கடிதம் எழுதியவர்.

அம்மாவுக்கு 76 வயது. பத்து நிமிஷம் கேட்டுவிட்டு, "இவன் என்ன நிறுத்தாம வளவளன்னு பேசறான்" என்றாள். முடிந்தபின் நான் விஷயத்தைச் சொன்னேன், ஓநாய் அந்தப் பொம்பளைம்மா, அப்பா நம்மிடம் மாத்திச் சொல்லியிருக்கார் என்று. அம்மா அசரவே இல்லை.

"எனக்கு அப்பவே தெரியும். அந்த இடம் வந்தா பட்டனை அமுக்கிட்டு, சமையல்கட்டுப் பக்கம் என்னை ஒரு பார்வை பார்த்துட்டுத்தானே அடுத்த வரியைச் சொல்வாரு."