சிக்ஸ்டீன் ஃபுட் வடிகாலில் களை வெட்டுவது சரியா?

நாணல்கரை:
இங்கிலாந்தின் ஃபென்ஸ் என்னும் தாழ்நிலப் பகுதியில், சிக்ஸ்டீன் ஃபுட் வடிகாலில் ஜூன் 16-இல் மீன்பிடி சீசன் திறந்ததிலிருந்து வாரந்தவறாமல் தூண்டில் போடுகிறேன். அல்லி இலைக்கும் நாணலுக்கும் நடுவே ஒரு பாய் அகலத்துக்குத் தெளிந்த நீர். விடியற்காலையில் டெஞ்ச் மீன் அங்கேதான் மேயும். அடியிலிருந்து பொடிக் குமிழிகள் கொத்தாக வரும். தக்கை லேசாக எழும்பும், அப்புறம் சாய்ந்து படுக்கும். போன வாரம் களை வெட்டும் படகு கரைக்குக் கரை மொட்டையடித்துவிட்டது. ஜூலையில் இது தேவையா?

மேட்டுவயல்:
அண்ணா, அது ஆறு இல்லை. 17-ஆம் நூற்றாண்டில் சதுப்பை வடிப்பதற்காக வெட்டிய கால்வாய். நான் பக்கத்து உருளைக்கிழங்குப் பண்ணையில் வேலை செய்கிறேன். ஹோம் ஃபென்னில் மண்ணுக்குள் இறக்கிய இரும்புக் கம்பத்தைப் பார்த்திருப்பீர்கள்: 1851-இல் தலை தரைமட்டத்தில் இருந்தது, இன்று ஏறக்குறைய 4 மீட்டர் வெளியே நிற்கிறது. நீர் வடிந்ததில் கரிமண் (peat) நிலம் அவ்வளவு இறங்கிவிட்டது. அதனால் தண்ணீரைப் பம்பு வைத்துத்தான் வெளியேற்ற வேண்டும். செயின்ட் ஜெர்மன்ஸ் பம்பு நிலையம் நொடிக்கு 100 கனமீட்டர் நீரைத் தள்ளும். ஆனால் களை அடைத்தால் தண்ணீர் பம்புவரை வராதே! ஒரு கோடை மழை போதும், வயல் முழுகிவிடும்.

ஆழத்தூண்டில்:
வெட்டுவதைவிட, வெட்டியதை அள்ளாமல் விடுவதுதான் கொடுமை. வேறொரு வடிகாலில் கண்ணால் பார்த்தேன். பாலத்தடியில் களை மெத்தை போலக் குவிந்து அழுகியது. மூன்றாம் நாள் விடியலில் பிரீம் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. அழுகல் ஆக்சிஜனைத் தின்றுவிடுகிறது. மறைவு போனதால் பைக் மீன் கண்ணில் படுகிறது என்று அந்நேரம் தூண்டில் போடாதீர்கள். வெந்நீராய்க் கிடக்கும் ஓடையில் போராடிக் களைத்த பைக்கைத் திருப்பி விட்டாலும் பிழைப்பது சந்தேகம்.

மேட்டுவயல்:
அள்ள வேண்டும், ஒப்புக்கொள்கிறேன். வெட்டாமல் இருக்க மட்டும் முடியாது.

நாணல்கரை:
வெட்டவே வேண்டாம் என்று நான் சொல்லவில்லையே. நடுவில் வெட்டுங்கள், தண்ணீர் ஓடட்டும். ஒரு கரையோரம் 2 மீட்டர் நாணலை விட்டு வையுங்கள். ரோச் மீன் குஞ்சு ஒதுங்குவது அங்கே. பைக் மார்ச், ஏப்ரலில் முட்டை ஒட்டுவதும் களையில்தான்.

மேட்டுவயல்:
2 மீட்டர் அதிகம், அண்ணா. குறுகலான இடத்தில் பாதி வாய்க்கால் போய்விடும். அகலமான பகுதியில் என்றால் சரி, எங்கள் முதலாளியிடம் நானே பேசுகிறேன். உங்கள் டெஞ்ச் இடம் எந்தப் பாலத்துக்குப் பக்கம்?