கீழே ஓஎன்டி, மாடியில் பழைய ரவுட்டர்: பாதி போனில் "இணையம் இல்லை" என்று வருகிறது

செம்மண்டலம்வாசி:

வீடு கடலூர் செம்மண்டலத்தில். கீழ்த்தளம், மாடி. 9 அங்குலச் செங்கல் சுவர், நடுவில் கான்கிரீட் தளம். 200 எம்பிபிஎஸ் ஃபைபர் திட்டம். ஓஎன்டியை (ஃபைபர் வந்து சேரும் பெட்டி, வைஃபையும் அதிலேயே) வாசல் ஹாலில் டிவிக்குப் பின்னால் மாட்டியிருக்கிறார்கள். ஹாலில் குறையில்லை. மாடிப் பின்னறையில் 2.4 கிகாஹெர்ட்ஸில் 5, 6 எம்பிபிஎஸ்தான். 5 கிகாஹெர்ட்ஸ் பெயரே பட்டியலில் வராது.

பழைய ரவுட்டர் ஒன்று சும்மா கிடந்தது. ஓஎன்டியிலிருந்து கேபிள் இழுத்து மாடியில் அதன் லேன் போர்ட்டில் (வீட்டுக் கருவிகளுக்கான துளை) செருகினால் சில போன் ஓடுகிறது, சில போனில் "இணையம் இல்லை". கொஞ்ச நேரத்தில் கீழே உள்ள போன்களுக்கும் அதே கதி. வான் போர்ட்டுக்கு (வெளி இணையம் உள்ளே வரும் துளை) மாற்றினால் மாடியில் சுத்தமாக வரவில்லை. அந்தக் கேபிளை நேராக லேப்டாப்பில் போட்டால் வேகம் 94-ஐத் தாண்டவில்லை. எல்லாம் ஒரே கோளாறா? மெஷ் செட் (ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் வைஃபை பெட்டிகள்) வாங்கித்தான் ஆகவேண்டுமா?

கெடிலக்கரை:

இரண்டு தனித்தனிக் கோளாறு: முகவரி மோதல் ஒன்று, 94-இல் நிற்கும் வேகம் இன்னொன்று. மெஷ் இப்போதைக்கு வேண்டாம்.

முதலாவது, ஐபி மோதல், அதாவது இரண்டு கருவிக்கு ஒரே நெட்வொர்க் முகவரி. உங்கள் ஓஎன்டி 192.168.1.1-இல் இருக்கும். பழைய ரவுட்டரும் பெரும்பாலும் அதே முகவரியில்தான் இருக்கிறது. லேனில் செருகும்போது இரண்டும் ஒரே நெட்வொர்க்கில் டிஹெச்சிபி வழங்குகின்றன, அதாவது போன்களுக்குத் தவணை முறையில் முகவரி கொடுக்கின்றன. ஒரே தெருவில் இரண்டு வீட்டுக்கு ஒரே கதவு எண் போட்டதுபோல. ஓஎன்டியிடம் முகவரி வாங்கிய போன் ஓடும், மாடி ரவுட்டரை கேட்வே (இணையத்துக்குப் போகும் வாசல்) என்று நம்பிய போன் நின்றுவிடும். பழைய முகவரியின் தவணை முடிந்து புதுப்பிக்கும்போது கீழே உள்ள போன்களும் மாட்டிக்கொள்ளும். வான் போர்ட்டில் வராததற்கும் இதுவே காரணம்: உள்பக்கமும் வெளிப்பக்கமும் 192.168.1 என்றே இருந்தால், எந்தப் பக்கம் அனுப்புவது என்று ரவுட்டருக்குத் தெரியாது.

செய்யவேண்டியது: மாடி ரவுட்டரை ஓஎன்டியிலிருந்து கழற்றி, லேப்டாப்போடு மட்டும் கேபிளில் இணைத்து அதன் அமைப்புப் பக்கத்தைத் திறங்கள். மெனுவில் "ஆக்சஸ் பாயின்ட் மோடு" (முகவரி கொடுக்காமல் வைஃபை மட்டும் பரப்பும் முறை) இருந்தால் அதைத் தேர்ந்தெடுத்தால் போதும். இல்லையென்றால் முதலில் லேன் ஐபியை 192.168.1.2 ஆக்கிச் சேமியுங்கள். அது மறுபடி கிளம்பியதும் 192.168.1.2-க்குப் போய் டிஹெச்சிபியை அணையுங்கள். இந்த வரிசை முக்கியம். டிஹெச்சிபியை முதலில் அணைத்துவிட்டால் லேப்டாப்புக்கு முகவரி கிடைக்காது, கையால் 192.168.1.10 என்று போட்டுத்தான் உள்ளே நுழைய முடியும். பிறகு ஓஎன்டி பக்கத்தில் டிஹெச்சிபி வரம்பை 192.168.1.20 முதல் 200 வரை என்று சுருக்குங்கள், 2-ஆம் எண்ணை வேறு கருவிக்குக் கொடுத்துவிடாது. கடைசியாகக் கேபிளை லேன் போர்ட்டிலேயே செருகுங்கள். வான் போர்ட் காலியாக இருக்கட்டும்.

வைஃபை: 2.4-இல் கீழே சேனல் 1, மாடியில் 11, அகலம் இரண்டிலும் 20 மெகாஹெர்ட்ஸ். ஆட்டோவில் விட்டால் பக்கத்து வீட்டு நெரிசலிலேயே போய் உட்காரும். 5 கிகாஹெர்ட்ஸில் கீழே 36, மாடியில் 149, அகலம் 80. பாதுகாப்பு டபிள்யூபிஏ2 ஏஇஎஸ். பெயரும் கடவுச்சொல்லும் இரண்டிலும் ஒன்றாகவே இருக்கட்டும்.

கிரிம்பர்:

94 விஷயம் நான் சொல்றேன். 100 எம்பிபிஎஸ் லிங்க்ல ஹெட்டர் எல்லாம் கழிச்சா மிஞ்சுறது 94தான். அதனால லைன்ல குறை இல்லீங்க, கேபிளோ போர்ட்டோ 100-ல நின்னுடுச்சு. லேப்டாப்ல லிங்க் ஸ்பீடு பாருங்க. ஹால்ல சின்ன கேபிள் போட்டா 1000, மாடிக் கேபிள்ல 100 காட்டுதுன்னா கேபிள்தான் குற்றவாளி. ஹால்லயும் 100 காட்டினா லேப்டாப் போர்ட்டயும், ஓஎன்டியோட வேற லேன் போர்ட்டயும் மாத்திப் பாருங்க. சில ஓஎன்டியில ஒரே ஒரு போர்ட்தான் கிகாபிட்.

100-க்கு நாலு கம்பி போதும்: 1, 2, 3, 6. கிகாபிட்டுக்கு எட்டும் வேணும். நீலம் இல்ல பழுப்பு ஜோடியில ஒண்ணு விட்டுப்போனா லைட் எரியும், நெட் வரும், வேகம் மட்டும் 94-ல நிக்கும். ரெண்டு முனையையும் வெட்டிட்டு இந்த வரிசையில அடிங்க: வெள்ளை ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை பச்சை, நீலம், வெள்ளை நீலம், பச்சை, வெள்ளை பழுப்பு, பழுப்பு. முறுக்கை அரை அங்குலத்துக்கு மேல பிரிக்காதீங்க. வெளி ஜாக்கெட் பிளக்குக்குள்ள போய் மாட்டணும், இல்லன்னா இழுத்தா கழன்டுடும். எட்டு லைட் டெஸ்டர் ஒண்ணு கைல வெச்சுக்குங்க.

கம்பியைக் கத்தியால சுரண்டிப் பாருங்க. உள்ளே வெள்ளையா தெரிஞ்சா அது செம்பு பூசின அலுமினியம். ரெண்டு தடவை மடிச்சா முறியும். முழுச் செம்பு கேட் 6 ரகக் கேபிள் வாங்குங்க. கேட் 5ஈ-யும் 100 மீட்டர் வரைக்கும் கிகாபிட் போகும், ஆனா புதுசா இழுக்கறவங்க 6 போடறதுதான் நல்லது. வெளிச்சுவர்ல ஏத்தறீங்கன்னா வெயில் தாங்கற கறுப்பு ஜாக்கெட், அதுவும் பிவிசி பைப்புக்குள்ள. கரன்ட் ஒயர் போற பைப்புல சேத்துப் போடாதீங்க. தேவனாம்பட்டினம் பக்கம் மாதிரி உப்புக் காத்து அடிக்கிற இடத்துல மலிவு பிளக்கோட பல்லு பச்சை பூத்துடும், வெளிய ஜாயின்ட்டே வெக்கக் கூடாது.

அப்புறம் அந்தப் பழைய ரவுட்டர் லேபிளைப் பாருங்க. போர்ட் 10/100-ன்னா எந்தக் கேபிள் போட்டாலும் 94தான்.

முத்தியால்பேட்டை:

இவ்வளவுக்கும் முன்னால் ஒரு கேள்வி. ஓஎன்டி ஏன் டிவிக்குப் பின்னால் இருக்கிறது? லைன்மேனுக்கு அங்கே பிளக் பாயின்ட் இருந்தது, அவ்வளவுதான். மாடிப்படித் திருப்பத்துக்கு மாற்றுங்கள். படிக்கட்டுத் திறப்பு வழியே அலை மேலே ஏறும், கான்கிரீட்டைத் துளைக்க வேண்டியதில்லை. பல வீடுகளில் இரண்டாவது ரவுட்டரே வேண்டியிருக்காது.

10 மீட்டர் ஃபைபர் பேட்ச் கார்டு (இரு முனையிலும் கனெக்டர் உள்ள ஒயர்) போதும். கனெக்டர் நிறத்தைக் கவனியுங்கள்: பச்சைக்குப் பச்சை, நீலத்துக்கு நீலம். பச்சையின் முகம் சாய்வாகத் தேய்த்தது. நீலத்தோடு சேர்த்தால் நடுவில் இடைவெளி விழுந்து ஒளி வீணாகும். 3 செமீ ஆரத்துக்குக் குறைவாக வளைக்காதீர்கள், ஆணி அடித்துக் கிளிப் போடாதீர்கள். மாற்றிய பிறகு ஓஎன்டியின் அமைப்புப் பக்கத்தில் ஆர்எக்ஸ் பவர் (வந்து சேரும் ஒளியின் அளவு) பாருங்கள். மைனஸ் 8-க்கும் மைனஸ் 27 டிபிஎம்முக்கும் நடுவே இருக்கவேண்டும். மைனஸ் 25-ஐத் தாண்டி மைனஸ் 26 என்று இறங்கினால் இன்று ஓடும், மழைநாளில் எல்ஓஎஸ் விளக்கு (ஒளி வரவில்லை என்று காட்டுவது) சிவப்பாகும். அப்போதே ஆளைக் கூப்பிடுங்கள். கழற்றிய முனையைக் கண்ணுக்கு நேரே பிடிக்கவோ விரலால் துடைக்கவோ கூடாது.

எது செய்தாலும் ஓஎன்டியின் ரீசெட் துளையில் ஊசி போடாதீர்கள். பிபிபிஓஇ பெயர், விலான் எண் என்று நிறுவனம் போட்டுவைத்த இணைப்பு விவரம் எல்லாம் அழிந்துபோகும், ஆள் வரும்வரை நெட் கிடையாது.

கெடிலக்கரை ஒரே பெயர் வைக்கச் சொன்னதில் எனக்குப் பாதிதான் சம்மதம். போன் தூரத்து ரவுட்டரையே பிடித்துத் தொங்கும். கீழே டிரான்ஸ்மிட் பவரை நடுத்தரத்துக்கு இறக்கினால்தான் மாறும். ஸ்மார்ட் பிளக், பழைய டிவிக்கு 2.4-இல் தனிப்பெயர் கொடுப்பது நல்லது.

புதுச்சேரியில் பழைய வீட்டுக்காரர்கள் யாராவது இதைப் படித்தால்: சுண்ணாம்புச் சுவர் ஒன்றரை அடி தடிமன் என்றால் சுவரைத் துளைக்கும் கணக்கே வேண்டாம். முற்றத்தைப் பார்த்து மாட்டுங்கள், திறந்த வெளி வழியே அறைகளுக்குள் போகும்.

செம்மண்டலம்வாசி:

ஓஎன்டியை மாற்றச் சொல்லிவிட்டேன். ஹாலில் லிங்க் 1000, மாடிக் கேபிளில் 100. அதை வெட்டி அடிக்கிறேன். இன்னும் இரண்டு: வாசல் கேமரா டிவிஆரை (பதிவுப் பெட்டி) வெளியூரிலிருந்து பார்க்க போர்ட் ஃபார்வர்டு (வெளியிலிருந்து உள்ளே வழிவிடும் அமைப்பு) போட்டும் திறக்கவில்லை. புயல் சீசனில் கரன்ட் போனால் என்ன ஏற்பாடு?

கெடிலக்கரை:

ஓஎன்டி பக்கத்தில் வான் ஐபி என்ன என்று பாருங்கள். 100.64-இலிருந்து 100.127 வரை ஏதாவது ஒன்றில் தொடங்கினால், நிறுவனம் ஒரே பொது முகவரியைப் பலருக்குப் பகிர்ந்து கொடுக்கிறது. அங்கே போர்ட் ஃபார்வர்டு எத்தனை போட்டாலும் பயனில்லை. நிலையான ஐபி கேட்டு வாங்கலாம், அல்லது டிவிஆரின் கியூஆர் குறியீட்டைச் செயலியில் சேர்த்துப் பார்க்கலாம். இது உள்ளிருந்து வெளியே போகும் இணைப்பு, தடை வராது. போட்டுவைத்த ஃபார்வர்டுகளை அழித்துவிடுங்கள். டிவிஆரின் ஆரம்பக் கடவுச்சொல்லையும் மாற்றுங்கள்.

கிரிம்பர்:

அடாப்டர்ல எழுதியிருக்கறதப் பாருங்க, 12 வோல்ட், 1 ஆம்ப், 1.5 ஆம்ப்னு இருக்கும். அதே வோல்ட், அதுக்குக் குறையாத ஆம்ப் உள்ள மினி யூபிஎஸ் வாங்குங்க. வோல்ட் மட்டும் மாறவே கூடாது. மாடி ரவுட்டர் 9 வோல்ட்டா இருக்கலாம், அது வேற இடத்துல இருக்கறதால அதோட வோல்ட்டுக்கு ஏத்த மாதிரி தனியா ஒண்ணு கேளுங்க. நடுவுல கம்பத்துல இருக்கற ஸ்ப்ளிட்டருக்குக் கரன்ட் வேணாம், ஆனா எக்ஸ்சேஞ்ச் பக்கம் பேட்டரி செத்தா உங்க யூபிஎஸ் சும்மாதான் எரியும்.

இடிக்கு: ஃபைபர் கண்ணாடி, கரன்ட் கடத்தாது. ஆனா கம்பத்துலேர்ந்து வர்ற கறுப்புக் கேபிள்ல பக்கவாட்டுல இரும்புக் கம்பி ஒண்ணு ஓடும். அதை வெளிச்சுவர் கொக்கியோட நிறுத்தி வெட்டிடணும், வீட்டுக்குள்ள கொண்டுவரக் கூடாது. உங்க கேஸ்ல அடிபடப்போறது மாடிக்குப் போற அந்த செம்புக் கேபிள்தான், வெளிச்சுவர்ல போனா. இடி வரும்போலத் தெரிஞ்சா, இடிக்கறதுக்கு முன்னாலயே அடாப்டரோட அந்தக் கேபிளையும் ரெண்டு முனையிலயும் கழட்டிடுங்க.