கலங்கல் தண்ணீரில் ஜோடி பிரியாமல் டைவ் செய்ய: எவ்வளவு இடைவெளி, கயிறு தேவையா?

ஆழித்துரும்பு (கேள்வி)

புதுச்சேரிப் பக்கம் 12 முதல் 15 மீட்டர் ஆழத்துக்குள் டைவ். தண்ணீர் கலங்கிய நாளில் 3, 4 மீட்டருக்கு அப்பால் எதுவும் தெரியாது. ஜோடிக்கு நடுவே எத்தனை மீட்டர் வரை விடலாம்? பட்டி லைன் என்கிற, இருவரையும் இணைக்கும் கயிற்றைப் பிடித்துக்கொள்வது பாதுகாப்பா, ஆபத்தா? பிரிந்துவிட்டால் "ஒரு நிமிடம் தேடு, மேலே வா" என்றுதான் பாடத்தில் இருக்கிறது. அந்த ஒரு நிமிடத்தில் என்னதான் செய்வது?

நீவாடு

இடைவெளியை மீட்டரில் யோசிக்காதீர்கள், மூச்சில் யோசியுங்கள். காற்று தீர்ந்தது எப்போது தெரியும்? மூச்சை வெளியே விட்டு, அடுத்ததை இழுக்கும்போதுதான். அப்போது நுரையீரலில் இருப்பது சொற்பம். அந்த நிலையில் உங்கள் ஜோடி உங்களிடம் நீந்தி வந்து ஆக்டோபஸை, அதாவது உங்கள் டேங்கிலிருந்து வரும் உபரி மூச்சுக் குழாயை, வாங்க வேண்டும். ஃபின் (காலில் மாட்டும் துடுப்பு) போட்டு நீந்தும் சாதாரண வேகம் நிமிடத்துக்குச் சுமார் 15 மீட்டர், அதாவது 2 மீட்டருக்கு 8 விநாடி. ஆக்டோபஸ் குழாயின் நீளமும் ஏறத்தாழ 1 மீட்டர்தான். ஆகவே தெளிந்த நீரில் 2 மீட்டர். கலங்கலில், தெரியும் தூரத்தில் பாதிக்கு மேல் கூடாது. உங்கள் 3 மீட்டர் நாளில் அது ஒன்றரை மீட்டர். கை நீட்டினால் தொடும் தூரம் இன்னும் நல்லது.

கண்ணையும் நம்ப வேண்டாம். மாஸ்க் வழியாக 4 மீட்டரில் இருப்பவர் 3 மீட்டரில் இருப்பதுபோலத் தெரிவார். நீர் கலங்கினால் அது தலைகீழாகி, பக்கத்தில் இருப்பவரே தள்ளி இருப்பதாகத் தோன்றும்.

இருவரும் ஒரே ஆழத்தில், தோளுக்குத் தோள் நீந்துங்கள். பின்னாலும் மேலேயும் இருப்பவரை மாஸ்க் மறைத்துவிடும்; அவரைப் பார்க்க முழு உடம்பையும் திருப்ப வேண்டியிருக்கும். மெதுவாக நீந்துபவர்தான் வேகத்தை முடிவு செய்ய வேண்டும். டார்ச் இருந்தால் குறுகிய ஒளி போதும், அகன்ற ஒளி வண்டலில் பட்டுக் கண்ணிலேயே திரும்பும். ஒளிப்பொட்டு ஜோடியின் முன்னால் மணலில் விழும்படி பிடியுங்கள். பொட்டு காணாமல் போனால் தலையைத் திருப்பாமலே அவருக்குத் தெரிந்துவிடும்.

இன்னொன்று: ஜோடி பல நேரம் இறங்கும்போதே பிரிந்துவிடும். ஒருவருக்குக் காது அடைக்கும், அவர் நிற்பார்; மற்றவர் கவனிக்காமல் போய்விடுவார். நங்கூரக் கயிற்றைப் பிடித்து, கால் கீழாக, முகம் பார்த்து இறங்குங்கள்.

வடக்கயிறு

கயிறு பற்றி. நீளம் ஒன்றரை மீட்டருக்கு மேல் வேண்டாம். தொங்குகிற அளவு நீளமானால் ஏதாவது ஒன்றில் மாட்டும். இரு முனையிலும் கை நுழையும் வளையம் போட்டு, வளையத்தை உள்ளங்கையில் பிடித்துக்கொள்ளுங்கள். மணிக்கட்டில் இறுக்குவதோ பிசிடி (மிதப்பைக் கூட்டிக் குறைக்கும் காற்றுச் சட்டை) வளையத்தில் கொக்கி போடுவதோ கூடாது. ஒருவர் கட்டுப்பாடின்றி மேலே போனால் மற்றவரையும் இழுத்துக்கொண்டு போவார். வலப்பக்கம் நீந்துபவருக்குக் கயிறு இடது கையில் வரும். பிசிடி காற்றுப் பொத்தானும் அதே கைக்குத்தான். அவர் ஒரு நொடி வலது கைக்கு மாற்றி, பொத்தானை அழுத்தி, திரும்பவும் மாற்றப் பழக வேண்டும். இதைக் கரையோர ஆழமற்ற நீரிலேயே பழகுங்கள்.

பிரிட்டிஷ் முறையில் கயிற்றுச் சைகை இப்படி: 1 இழுப்பு "சரியா? / சரி", 2 "நில்", 3 "கீழே போகலாம்", 4 "மேலே போகலாம்", விடாமல் இழுத்தால் ஆபத்து. ஒவ்வொன்றுக்கும் அதே எண்ணிக்கையில் பதில் இழுப்பு வர வேண்டும்.

அறுந்த வலைகள் கிடக்கிற இடம், செயற்கைப் பாறை, மூழ்கிய படகு, இங்கெல்லாம் கயிறு வேண்டாம். கம்பிக்கு இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவர் போனால் இருவருமே சிக்குவீர்கள். திறந்த மணல்வெளியில் மட்டும். ஆளுக்கொரு கயிறு வெட்டும் கத்தி கட்டாயம்.

கலங்கரை_14

அந்த ஒரு நிமிடத்துக்கு வருகிறேன். ஜோடியைக் காணவில்லை என்றதும் நில்லுங்கள். கையில் கட்டிய டைவ் கம்ப்யூட்டரில் நேரத்தைப் பாருங்கள். அதே ஆழத்தில் மெதுவாக ஒரு முழு வட்டம் திரும்புங்கள்: மேலே குமிழி, கீழே கிளம்பிய வண்டல், டார்ச் ஒளி. தேடி நீந்தவே கூடாது. அவரும் நீந்தினால் இருவரும் எதிரெதிராகப் போய்விடுவீர்கள். டேங்கைத் தட்டலாம், ஆனால் நீரில் ஒலி விநாடிக்கு ஏறத்தாழ 1,500 மீட்டர் ஓடுவதால் எந்தப் பக்கம் என்று காதுக்குப் பிடிபடாது. தட்டினால் "நின்று பார்" என்று மட்டும் முன்பே பேசிக்கொள்ளுங்கள்.

நிமிடம் முடிந்ததும் ஏறுங்கள், நிமிடத்துக்கு 9 மீட்டருக்கு மிகாமல். 14 மீட்டரிலிருந்து ஒன்றரை நிமிடம். கம்ப்யூட்டர் டிகோ (ஏறும் வழியில் கட்டாய நிறுத்தம்) கேட்டால் அதை முடித்தே தீர வேண்டும். கேட்காவிட்டால், 5 மீட்டரில் வழக்கமான 3 நிமிடப் பாதுகாப்பு நிறுத்தத்தை விட்டுவிட்டு நேரே மேலே போகலாம். அங்கே ஒருவர் காத்திருப்பார், தாமதம் ஒவ்வொன்றும் அவருக்குப் பயம்.

மேலே வந்ததும் பிசிடியில் காற்று நிரப்பி, சுற்றிக் குமிழியைத் தேடுங்கள். அவர் வரவில்லையென்றால் படகுக்குக் கை காட்டி, கடைசியாகப் பார்த்த ஆழம், திசை, அவர் டேங்கில் இருந்த காற்றின் அழுத்தம் (பார் அளவு) மூன்றையும் சொல்லுங்கள். தனியாகத் திரும்ப இறங்காதீர்கள்.

நீவாடு

நிறுத்தத்தை விடுவது சரி. ஆனால் ஃபைபர் படகுகள் ஓடுகிற நேரத்தில் 5 மீட்டரில் எஸ்எம்பி மிதவையை (கீழே ஆள் இருப்பதைப் படகுகளுக்குக் காட்டுவது) மேலே அனுப்பாமல் தலையைக் காட்டுவதை ஒப்புக்கொள்ள மாட்டேன். இன்ஜின் சத்தம் எந்தப் பக்கம் என்பதும் காதுக்குப் பிடிபடாதே. பழகிய கைக்கு அரை நிமிட வேலை அது.

ஆழித்துரும்பு

மூவராக இறங்கினால்?

கலங்கரை_14

4 மீட்டர் வரை மட்டுமே தெரிகிற தண்ணீரில் மூவர் வேண்டாம். தவிர்க்க முடியாவிட்டால் அனுபவம் குறைந்தவர் நடுவில், ஓரத்து இருவரும் அவரோடு தோளுக்குத் தோள். யார் யாரைப் பார்க்க வேண்டும் என்பதைப் படகிலேயே பேர் சொல்லிப் பிரித்துவிடுங்கள். இல்லையென்றால் இன்னொருவர் பார்த்துக்கொள்வார் என்று மூவருமே விட்டுவிடுவார்கள். ஒருவர் குறைந்தால் மூவருக்கும் அதே ஒரு நிமிடம்தான். இருவர் கீழே தொடரக் கூடாது.