கிழிஞ்ச ஜீன்ஸ்: ரெடிமேடா, நாமே கிழிக்கலாமா?

கேள்வி: பங்க் ஸ்டைலுக்கு சென்னை வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டு துணிக்கடையில கிழிச்சதையே வாங்கிடலாமா ப்ரோ?

பதில் 1: போட்ட உடனே லுக் வரும், அவ்ளோதான். ப்ளீச் ஏறின நூல் ஏற்கெனவே இத்துப்போயிருக்கும். துவைக்கத் துவைக்க ஓட்டை அகலமாகும். மணல் பீய்ச்சி நரைக்க வெச்ச ஜீன்ஸும் வேணாம். அந்த சிலிகா தூசி தொழிலாளர் நுரையீரலைக் கெடுக்குதுன்னு துருக்கி 2009-லயே தடை பண்ணிடுச்சு.

பதில் 2: நாமே கிழிக்கலாம். முழு காட்டன் டெனிம் எடு. போட்டுக்கிட்டு உட்கார்ந்து முட்டியில சாக்பீஸ் குறி வை. நின்னுக்கிட்டு வெச்சா இடம் தப்பும். கழட்டி, 2 செ.மீ. இடைவெளியில குறுக்கா ரெண்டு வெட்டு, நீளம் 5 செ.மீ. நடுவுல நெடுக்கா ஓடுற நீல நூலை மட்டும் ட்வீசர்ல உருவு. குறுக்கு வெள்ளை நூல் நிக்கும். ஸ்ட்ரெட்ச் துணின்னா அதுல இருக்கிற லைக்ரா எலாஸ்டிக் நூல் புழு மாதிரி தொங்கும், கண்றாவி!

பதில் 3: உள்பக்கம் ஒட்டுத்துணி வெச்சுத் தைச்சுடு. இல்லேன்னா மாட்டும்போது கால்விரல் சிக்கி டர்ர்ருனு போயிடும்.