மீன் பிடிக்கும் பூனைத் தெரு: 1540க்குப் பதில் சொல்லுங்கள்

செயின்கரையான்:
நேற்று ஒருவர் இங்கே எழுதியதைப் படித்துவிட்டு இரவுச் சோறு இறங்கவில்லை. பாரிஸின் 'ரூ டு ஷா கி பெஷ்', அதாவது மீன் பிடிக்கும் பூனைத் தெரு என்ற சந்துக்கு ஒரு சூனியக்காரப் பூனையால்தான் பெயர் வந்ததாம். 'வரலாற்று உண்மை' என்று தலைப்பு வேறு. கதை எனக்கும் தெரியும். 15ஆம் நூற்றாண்டில் தோம் பெர்லே என்ற பாதிரியார் ரசவாதம் செய்துகொண்டிருந்தார். அவருடைய கறுப்புப் பூனை செயின் நதியில் காலை ஒரே வீச்சாக வீசி மீனை அள்ளும். பாதிரியாரும் பூனையும் ஒரே ஆள், அது சாத்தான் என்று மூன்று மாணவர்கள் முடிவுகட்டி, பூனையைக் கொன்று ஆற்றில் எறிந்தார்கள். பாதிரியாரையும் காணோம். பிறகு ஒரு நாள் 'பயணம் போயிருந்தேன்' என்று அவர் வந்து நிற்கிறார். கரையில் பூனையும் பழையபடி மீன் பிடிக்கிறது. குழந்தைகளுக்குச் சொல்ல நல்ல கதை. ஆனால் அந்தச் சந்து உண்டானதே 1540இல். இல்லாத தெருவுக்கு எந்தப் பூனை ஐயா பெயர் வாங்கிக் கொடுத்தது?

பூனைப்பிரியை:
அந்த 'ஒருவர்' நான்தான், அண்ணா. பெயரைச் சொல்லியே திட்டியிருக்கலாம். பூனை மீன் பிடித்தது தெருவில் அல்ல, ஆற்றில். ஆறு 1540க்கு முன்பும் ஓடிக்கொண்டுதான் இருந்தது.

செயின்கரையான்:
நான் கேட்டது ஆற்றின் வயது அல்ல, தெருவின் வயது. 1540. வீட்டு எண் இல்லாத காலத்தில் கடைக்கு மேல் தொங்கும் பலகைதான் விலாசம். அங்கே ஒரு கடையில் மீன் பிடிக்கும் பூனைப் படம் தொங்கியது, பெயர் ஒட்டிக்கொண்டது. பக்கத்திலேயே 'ரூ த லா ஆர்ப்', அதாவது யாழ்த் தெரு இருக்கிறது. தாவீது அரசர் யாழ் வாசிக்கும் பலகையால் வந்த பெயர் அது. இதே பூனைச் சந்துக்கு முன்பு நரித் தெரு என்றும் பெயர் இருந்தது. அப்போது நரியும் ரசவாதம் செய்ததா, தங்கச்சி?

பூனைப்பிரியை:
சரி, பலகையில் பூனை எப்படி வந்தது? ஊரில் கதை இருந்தது, அதனால் வரைந்தார்கள். இதற்குப் பதில் இருக்கிறதா?

செயின்கரையான்:
இருக்கிறது. 1540.

கணக்குப்பிள்ளை:
பாரிஸிலேயே மிகக் குறுகிய தெரு என்றும் எழுதியிருந்தார்கள். அதை ஏன் யாரும் கேட்கவில்லை? இதன் குறுகலான இடமே 1.80 மீட்டர். 12ஆம் வட்டாரத்தில் 'சாந்தியே தே மெரிசியே' இருக்கிறது, ஒரு மீட்டர்கூட இல்லை.

செயின்கரையான்:
அது ஒற்றையடிப் பாதை. தெருக் கணக்கில் வராது.

கணக்குப்பிள்ளை:
நீங்கள் முதல் வரியில் 'சந்து' என்றீர்கள், கடைசி வரியில் 'தெரு' என்றீர்கள். உங்களுக்கு வசதிப்பட்டால் தெரு, இல்லாவிட்டால் சந்தா?

செயின்கரையான்:
போன வருடம் இட்லித் தட்டு விவாதத்தில் நான் உங்களைத் திருத்தியதை நீங்கள் இன்னும் மறக்கவில்லை என்று தெரிகிறது. இருபது வருடமாக இந்த ஊரில் இருக்கிறேன். என் உயரம் 5 அடி 11 அங்குலம். அங்கே நின்று கையை விரித்தால் இரண்டு பக்கமும் விரல்நுனி சுவரில் உரசுகிறது, கைநகத்தில் சுண்ணாம்பு ஏறுகிறது. மொத்தம் 29 மீட்டர், ஒரு பாட்டு முணுமுணுத்து முடிப்பதற்குள் கடந்துவிடலாம். வெயில் உள்ளே வராது. பச்சை விளிம்பு வைத்த நீலப் பெயர்ப்பலகைக்குக் கீழே நின்று எல்லோரும் படம் எடுக்கிறார்கள். மூத்திர நாற்றம் படத்தில் விழாதே! இதையெல்லாம் பார்க்காதவர்கள் அளவுகோலோடு வராதீர்கள்.

மாமல்லன்:
பிரெஞ்சுக்காரனின் பூனைக்கு இவ்வளவு சண்டையா? மாமல்லபுரத்தில் 7ஆம் நூற்றாண்டிலேயே நம் பூனை முன்கால்களைத் தூக்கித் தவம் செய்கிறது, சுற்றிலும் எலிகள். அர்ச்சுனன் தபசுச் சிற்பத்தைப் போய்ப் பாருங்கள்.

கணக்குப்பிள்ளை:
அது பகீரதன் தவம்.

மாமல்லன்:
அர்ச்சுனன் தபசு. அந்த ஊரில் பிறந்தவனிடமே சொல்கிறீர்களா?

கணக்குப்பிள்ளை:
நடுவில் இருக்கும் பிளவு கங்கை. அர்ச்சுனனுக்கு எதற்குக் கங்கை?

செயின்கரையான்:
இரண்டு பேரும் தனித் திரி தொடங்கிக்கொள்ளுங்கள். இங்கே கேள்வி ஒன்றுதான்: 1540.

லாஷப்பல்வாசி:
நான் இதுவரை எழுதவில்லை, படித்துக்கொண்டிருந்தேன். நேற்றைய பதிவில் தங்கச்சி 'பெஷே' என்று எழுதியிருந்தார். அது 'பெஷ்'. 'பெஷே' என்றால் பாவம், அதாவது குற்றம் என்ற பொருளில். அப்படிப் பார்த்தால் பாவப் பூனைத் தெரு ஆகிவிடும்.

பூனைப்பிரியை:
கொன்று ஆற்றில் எறிந்தார்களே, பாவப்பட்ட பூனைதானே?

செயின்கரையான்:
பேஷ்! சிரித்து மழுப்புகிறீர்கள். தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்பவர்களிடம் நான் என்ன பேசுவது?

பூனைப்பிரியை:
முயலுக்கு மூன்று கால் யார் சொன்னது என்று திரியின் மேலே போய் எண்ணிப் பாருங்கள். '1540' மட்டும் எத்தனை தடவை?

செயின்கரையான்:
பதில் வரும்வரை வரும். கதை நடந்த நூற்றாண்டை நேற்றைய பதிவில் நீங்களே 15 என்று எழுதினீர்கள். 1540 எந்த நூற்றாண்டு? பிள்ளைகளைக் கேட்டால்கூடச் சொல்வார்கள்.

கணக்குப்பிள்ளை:
16ஆம் நூற்றாண்டு. ஆனாலும் அது 1.80 மீட்டர்தான், மிகக் குறுகியது அல்ல.

செயின்கரையான்:
பாருங்கள், கணக்குப்பிள்ளையே என் பக்கம் வந்துவிட்டார்.

கணக்குப்பிள்ளை:
நான் யார் பக்கமும் வரவில்லை.

பூனைப்பிரியை:
அண்ணாவின் மனம் நோகக் கூடாது என்று என் பதிவைத் திருத்திவிட்டேன். 'வரலாற்று உண்மை' என்று இருந்ததை 'உறுதியான வரலாற்று உண்மை' என்று மாற்றியிருக்கிறேன்.

செயின்கரையான்:
இனி நான் இங்கே ஒரு வரியும் எழுதப் போவதில்லை.

செயின்கரையான்:
எழுத்துப் பிழையும் அப்படியே கிடக்கிறது. 'பெஷே' அல்ல, 'பெஷ்'.

மாமல்லன்:
அர்ச்சுனன்தான்.