லைசென்ஸ் புதுப்பிப்பு எந்த இடத்தில் நின்றுபோகிறது?

இ-சேவை மையம் நடத்துபவர்

2005, 2006 வாக்கில் லைசென்ஸ் எடுத்தவர்களுக்கு இப்போது தேதி முடிகிற காலம். பழைய சட்டப்படி 20 வருடம் அல்லது 50 வயது, எது முதலில் வருகிறதோ அதுவரை செல்லும் என்று கொடுத்த கார்டுகள் அவை. பலர் தேதி முடிந்த பிறகுதான் எடுத்துப் பார்க்கிறார்கள். "30 நாள் டைம் இருக்குமே" என்கிறார்கள். அந்தச் சலுகை 2019 சட்டத் திருத்தத்தோடு போய்விட்டது. கார்டில் இருக்கிற தேதிக்கு மறுநாள் வண்டி எடுத்தாலே லைசென்ஸ் இல்லாமல் ஓட்டிய கணக்குதான், 5,000 ரூபாய் அபராதம்.

பதிலுக்குக் கிடைத்தது ஒன்று உண்டு. தேதி முடிய ஒரு வருடம் இருக்கும்போதே விண்ணப்பிக்கலாம். முடிந்து ஒரு வருடத்துக்குள் வந்தாலும் டெஸ்ட் இல்லை. ஆனால் புதுப்பித்த நாளிலிருந்துதான் அது செல்லும், நடுவில் விட்ட நாட்கள் விட்டதுதான். அந்த நாட்களில் விபத்து நடந்தால் இன்சூரன்ஸ் கம்பெனி முதலில் கேட்பது இதைத்தான். ஒரு வருடமும் தாண்டினால் மறுபடி ஓட்டிக் காட்ட வேண்டும்.

இப்போது புதுப்பித்தால் எத்தனை வருடம் என்று எல்லோரும் கேட்பார்கள். 30 வயதுக்குள் இருந்தால் 40 வயது வரை. 30 முதல் 50 வரை என்றால் 10 வருடம். 50 முதல் 55 வரை என்றால் 60 வயது வரை. அதற்கு மேல் ஐந்தைந்து வருடம். டிரான்ஸ்போர்ட் லைசென்ஸ் (வாடகை வண்டி, சரக்கு வண்டி ஓட்ட எடுப்பது) எந்த வயதிலும் 5 வருடம்தான்.

வேறொரு இ-சேவை மையத்தில் இருப்பவர்

தேதியை விடப் பெரிய தடை பெயர். கார்டில் 'எஸ் முருகேசன்', ஆதாரில் 'முருகேசன் சுப்பிரமணி'. ஆள் ஒருவர்தான், ஆனால் கம்ப்யூட்டருக்கு இரண்டு பேர். நம் ஊரில் இனிஷியல் என்றால் அப்பா பெயர். அதை முன்னால் போட்டார்களா, பின்னால் போட்டார்களா, புள்ளி வைத்தார்களா என்பது அன்றைக்கு டைப் அடித்தவர் கையில் இருந்தது. ஆதார் ஓடிபி வழியாக, அலுவலகம் போகாமலே புதுப்பிக்கப் பார்க்கும்போது இந்த இடத்தில்தான் மாட்டும்.

பெயர் பொருந்தவில்லை என்றதும் ஆதாரைத் திருத்த ஓட வேண்டாம். ஆதாரில் பெயரை மாற்றினால் பேங்க், பான் கார்டு என்று அடுத்தடுத்து இழுக்கும். வித்தியாசம் இனிஷியலில் மட்டும் என்றால், ஆதார் இல்லாத வழியில் விண்ணப்பித்து, ஸ்லாட் (நேரில் வர வேண்டிய நாள், நேரம்) எடுத்து, அசல் ஆவணங்களோடு ஆர்டிஓ அலுவலகத்துக்கு ஒருமுறை நேரில் போய்வருவதே என் கணக்கில் வேகமான வழி. பிறந்த தேதி வேறாக இருந்தால் அப்படித் தப்ப முடியாது. பிறப்புச் சான்றிதழோ பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டோ வைத்து எது தவறோ அதைத் திருத்திவிட்டுத்தான் மேலே போக வேண்டும்.

பழைய புத்தக லைசென்ஸ், லேமினேஷன் கார்டு வைத்திருப்பவர்கள் முதலில் சாரதி தளத்தில் (லைசென்ஸ் வேலைகளுக்கான அரசு இணையதளம்) தங்கள் லைசென்ஸ் எண்ணைப் போட்டுப் பாருங்கள். 'விவரம் இல்லை' என்று வந்தால் அது இன்னும் கம்ப்யூட்டரில் ஏறவில்லை என்று அர்த்தம். முதலில் கொடுத்த அலுவலகமே தன் பதிவேட்டைப் பார்த்து பேக்லாக் என்ட்ரி போட வேண்டும், அதாவது பழைய விவரத்தைக் கம்ப்யூட்டரில் ஏற்ற வேண்டும். அதற்கே நாள் பிடிக்கும், அதனால்தான் ஒரு வருடம் முன்பே தொடங்கச் சொல்கிறோம்.

ஓட்டுநர் பயிற்சிப் பள்ளிப் பயிற்றுநர்

மேலே சொன்னதோடு செல்போன் எண்ணையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இது எங்கள் தொழிலில் இருப்பவர்கள் செய்கிற தவறு, ஒளிக்காமல் சொல்கிறேன். எல்எல்ஆர் (பழகுநர் லைசென்ஸ்) போடும்போது மாணவரின் எண்ணுக்குப் பதில் பள்ளியின் எண்ணைக் கொடுத்துவிடுவார்கள். பத்து வருடம் கழித்து அவர் புதுப்பிக்கப் போனால் ஓடிபி யாருக்கோ போகும். பணம் கட்டும்போதே "என் நம்பரைத்தான் போட வேண்டும்" என்று சொல்லிவிடுங்கள். ஏற்கெனவே மாறிப்போயிருந்தால் சாரதியிலேயே எண்ணை மாற்றும் சேவை இருக்கிறது. மற்ற எதையும் தொடும் முன் அதை முடியுங்கள்.

புதிதாக எடுப்பவர்களுக்கு: எல்எல்ஆர் 6 மாதம்தான் செல்லும், வாங்கி 30 நாள் ஆன பிறகே டெஸ்ட். அந்த 30 நாள் முடிந்ததும் ஸ்லாட் எடுத்துவிடுங்கள். ஐந்தாம் மாதம் வரை தள்ளினால் ஒருமுறை தோற்றாலே நெருக்கடி. தோற்றால் அடுத்த முயற்சிக்கு 7 நாள் இடைவெளி வேண்டும். மூன்று முறையும் போனால் 60 நாள் காத்திருக்க வேண்டும், தாமதமாகத் தொடங்கியிருந்தால் அதற்குள் எல்எல்ஆர் காலாவதியாகி எல்லாம் முதலிலிருந்து.

பைக்கில் எட்டுப் போடும்போது தோற்பது பெரும்பாலும் இரண்டு வட்டமும் சேரும் நடுப்பகுதியில். முன்சக்கரத்தைப் பார்த்தபடி ஓட்டுவார்கள், வண்டி சாயும், கால் தரையில் பட்டுவிடும். பார்வை அடுத்த வளைவில் இருக்கட்டும். கிளட்சைப் பாதி பிடித்து, பின் பிரேக்கை லேசாக மிதித்தபடி போனால் வண்டி தள்ளாடாது. முன் பிரேக்கைத் தொடவே கூடாது. திரும்பும்போது அதைப் பிடித்தால் ஹேண்டில் மடங்கும்.

மருத்துவமனை அலுவலகத்தில் வேலை செய்பவர்

40 வயது தாண்டியவர்களுக்கும், எந்த வயதானாலும் டிரான்ஸ்போர்ட் லைசென்ஸுக்கும் மருத்துவச் சான்று, அதாவது படிவம் 1ஏ, கட்டாயம். மற்றவர்களுக்குப் படிவம் 1 போதும், அது நீங்களே கையெழுத்திட்டுக் கொடுக்கும் உறுதிமொழி. 1ஏ-வில் டாக்டரின் பதிவு எண் தெளிவாக இல்லாமல் போவது, போட்டோ மேல் முத்திரை விழாமல் போவது, இந்த இரண்டும்தான் திருப்பி அனுப்ப வைப்பவை. வெளியே வரும் முன் அங்கேயே நின்று சரிபாருங்கள். கண்ணாடி போடுபவர்கள் அதைப் போட்டுக்கொண்டே பரிசோதனைக்குப் போங்கள்.

முதலில் எழுதிய இ-சேவை மையக்காரர்

அப்லோடு பற்றி ஒரு வார்த்தை. போட்டோவும் கையெழுத்தும் தலா 10 முதல் 20 கேபி-க்குள், ஆவணங்கள் 500 கேபி-க்குள் இருக்க வேண்டும். போனில் எடுத்த படத்தை அப்படியே ஏற்றினால் ஏறாது. அளவைக் குறைக்கப் போய் எழுத்தே தெரியாமல் மங்கிவிட்டால், ஏறும், ஆனால் சரிபார்ப்பவர் நிராகரிப்பார். ஸ்கேன் செய்யும்போதே கறுப்பு வெள்ளையில் எடுத்தால் அளவும் குறையும், எழுத்தும் நிற்கும்.

பணம் கழிந்து ரசீது வரவில்லை என்றால் உடனே இரண்டாம் முறை கட்டாதீர்கள். விண்ணப்ப எண்ணைப் போட்டுப் பணம் செலுத்திய நிலையைச் சரிபார்க்கும் வசதி சாரதி தளத்திலேயே உண்டு. கொஞ்ச நேரம் விட்டு அதை அழுத்திப் பாருங்கள், பெரும்பாலும் ரசீது வந்துவிடும்.

இன்னொருவர், தபால் துறையில் இருப்பவர்

தமிழ்நாட்டில் 2024 பிப்ரவரி 28 முதல் கார்டு ஸ்பீட் போஸ்டில் மட்டும்தான் வரும், அலுவலகத்தில் கையில் தரமாட்டார்கள். கவர் திரும்பிப் போவதற்குக் காரணம் அநேகமாக முகவரிதான். கதவு எண் புதியது பழையது குழப்பம், வாடகை வீடு மாறியது, போன் அடித்தால் எடுக்காதது (அந்தப் பள்ளி எண் விவகாரம் இங்கேயும் வந்து கடிக்கும்). திரும்பிப் போனால் முகவரியைச் சரிசெய்து மறுபடி தபாலில்தான் வாங்க வேண்டும்.

விண்ணப்ப நிலையில் 'அனுப்பப்பட்டது' என்று வந்ததும் 13 இலக்க ஸ்பீட் போஸ்ட் எண்ணை எடுத்து வைத்துக்கொண்டு தினமும் பாருங்கள். வீட்டில் ஆள் இல்லை என்று காட்டினால் அன்றைக்கே உங்கள் டெலிவரி தபால் நிலையத்துக்கு அடையாள அட்டையோடு போங்கள். சில நாள்தான் அங்கே வைத்திருப்பார்கள்.

கார்டு வரும்வரை டிஜிலாக்கர் அல்லது எம்பரிவாகன் செயலியில் இருப்பதைக் காட்டலாம், 2018 விதித் திருத்தப்படி அது செல்லும். ஆனால் உள்ளே புதிய தேதி ஏறியிருக்கிறதா என்று திறந்து பார்த்துவிட்டு வண்டியை எடுங்கள். பழைய தேதியே நின்றால் புதுப்பிப்புக்கு இன்னும் ஒப்புதல் ஆகவில்லை.